முற்றத்தின் விலை சதுர அடிக்கு எவ்வளவு?

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை நோக்கி வரும் சாலையின் இருபுறமும், உள்ளே செங்கல், காரோடு, கொல்லயில் ஊராட்சிகளின் குறுக்குச் சாலைகளிலும் அண்மைக்காலத்தில் எழுந்த வீடுகளின் முகப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. வாயிற்கதவிலிருந்து கார் நிற்குமிடம் வரை தெலங்கானாவின் தந்தூர் கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நான்கு விரற்கடை அகலத்தில் ஒரு பச்சைக் கோடு. கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தவர் வீட்டில் அக்கோடு விரிந்து ஒரு சென்ட், இரண்டு சென்ட் பரப்பாகிறது. இடவப்பாதி மழையிலும் மீன மாத வெயிலிலும் அதற்கு ஒரே நிறம். ஆடு ஒன்று வழிதவறி உள்ளே வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த ஆட்டின் முடிவுக்கு வருவதற்கு வீட்டுக்காரருக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும்.

பால்காய்ப்புக்கு வந்தவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பது. சந்தையில் அதற்கு விடை உண்டு. இழையின் உயரத்தையும் அடர்த்தியையும் பொறுத்து சதுர அடி சுமார் 40 ரூபாயில் தொடங்கி 100 ரூபாயைத் தாண்டிச் செல்கிறது. அவ்விடை பொய்யன்று. ஆனால் அது புல்விரிப்பின் விலை மட்டுமே. முற்றத்தில் அதை விரிப்பதற்கான செலவு வேறு. விரித்த பின் அந்த முற்றம் இழப்பவற்றின் கணக்கு வேறு. இம்மூன்றையும் ஒன்றாக்கி முதலாவதை மட்டும் விலைச்சீட்டில் எழுதுவதுதான் இவ்வணிகத்தின் வெற்றி.

முதலில் வெறும் ரூபாய்க் கணக்கு. இரண்டு சென்ட் என்பது 871 சதுர அடி. விரிப்புக்குச் சதுர அடிக்கு 60 ரூபாய் என்று நடுத்தரமாக வைத்துக்கொள்ளலாம். நிலத்தைச் செதுக்கிச் சமன்செய்தல், ஜல்லி போட்டு இறுக்குதல் அல்லது மேலே ஒரு காங்கிரீட் பூச்சு, இணைப்பு நாடா, பசை, இழைகளுக்கிடையே தூவும் மணல், ஆட்கூலி ஆகியவற்றுக்கு இன்னொரு 60 ரூபாய் என்பது மிகைக் கணக்காகாது. மொத்தம் ஒரு இலட்சத்து நாலாயிரத்துச் சொச்சம். இதில் வெட்டு இழப்பு சேரவில்லை. சுருள் பெரும்பாலும் இரண்டு மீட்டர் அகலத்தில், அதாவது ஆறரை அடியில் வருகிறது. முற்றம் பத்தடி அகலம் என்றால் இரண்டு சுருளை அடுத்தடுத்து விரிக்க வேண்டும். பதின்மூன்று அடிக்குப் பணம் கொடுத்துப் பத்தடியைப் பயன்படுத்த வேண்டும். மிஞ்சிய துண்டை வேறிடத்தில் ஒட்டலாமே என்றால், இழைகள் சாயும் திசை மாறினால் வெயிலில் ஒட்டுப்போட்ட துணிபோல் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு செலவிட்ட விரிப்பு எத்தனை ஆண்டு இருக்கும்? தரத்துக்கேற்ப ஐந்து முதல் பத்தாண்டு. பாலிஎதிலீன் இழையைப் புறஊதாக் கதிர் மெல்ல மெல்ல நொறுக்குகிறது. கடலுக்கு அருகே, ஆண்டில் பாதி வெயிலும் பாதி ஈரமுமாகக் கழியும் நிலத்தில் நெடிய ஆயுளை எதிர்பார்ப்பதற்கில்லை. எட்டாண்டு என்று தாராளமாகக் கொண்டாலும் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் ரூபாய். அதன் பிறகு மீண்டும் முதலிலிருந்து.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் மறுமொழி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பிள்ளைகள் துபாயிலும் தோஹாவிலும். வீட்டில் எழுபதைத் தாண்டிய தாயும் தந்தையும். குனிந்து புல் பிடுங்க முதுகு இடம்தராது. ஆள் வைக்கலாமென்றால் கூலி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கின்படி ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய். நாட்டின் சராசரி 393. காடுபிடித்த முற்றத்தில் அணலி வந்து படுக்கும் என்ற அச்சமும் வெறுங்கற்பனையன்று.

எனினும் அதே கணக்கைச் சற்று நீட்டிப் பார்க்க வேண்டும். நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்றே இருக்கட்டும். இரண்டு சென்ட் முற்றத்தை ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்கொரு நாள், ஓர் ஆள் செதுக்கினால் நாலாயிரம் ரூபாய். எட்டாண்டுக்கு முப்பத்திரண்டாயிரம். ஆட்கூலியைத் தவிர்க்கப் போனவர் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் செலவிட்டிருக்கிறார். அப்பணத்தில் பெரும்பகுதி அண்டைவீட்டுத் தொழிலாளிக்குப் போகாமல் எங்கோ ஓர் ஆலைக்குப் போயிருக்கிறது. பாம்பைப் பொறுத்தவரை, அதற்குப் பழைய முற்றமே விடை வைத்திருந்தது. தென் திருவிதாங்கூரின் முற்றம் ஒருபோதும் புல்தரையாக இருந்ததில்லை. நாள்தோறும் பெருக்கி, புல் முளைத்தால் மண்வெட்டியால் செதுக்கி, வெறுந்தரையாகக் காக்கப்பட்ட களம் அது. நெல் காய்ந்தது, மரச்சீனிக் கிழங்கு சீவி உணக்கப்பட்டது, நல்லமிளகும் கொப்பரையும் பாக்கும் பாயில் கிடந்தன. புல் அங்கே வேண்டாத விருந்தாளி. ஆகவே பிளாஸ்டிக் புல்லை விரிப்பவர் இழந்த எதையும் மீட்கவில்லை. இந்த மண்ணில் இல்லாதிருந்த ஓர் ஆங்கிலேயப் புல்தரையின் நகலை, அதுவும் உயிரற்ற நகலை, விலைகொடுத்து வாங்குகிறார்.

அந்நகல் பிறந்த கதையையும் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் கூரையிட்ட பேஸ்பால் அரங்கம். ஒளி புகும் கூரையில் கண் கூசியதால் ஆட்டக்காரர்களால் உயரே வரும் பந்தைக் காண இயலவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினார்கள். ஒளி இழந்த புல் செத்தது. 1966-இல் மான்சாண்டோ நிறுவனத்தின் நைலான் விரிப்பு அங்கே இறங்கியது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கிலிருந்து வந்ததே. (அதே மான்சாண்டோ பின்னர் உயிருள்ள புல்லைக் கொல்லும் கிளைபோசேட்டையும் உலகெங்கும் விற்றது, கேரள அரசு 2019-இல் அதற்குத் தடை விதித்தது.) சூரியன் நுழையாத கட்டடத்துக்குள் புல் வளராது என்பதற்காகக் கண்ட ஒரு மாற்று, விதைக்காமலே புல் முளைக்கும் ஊரின் திறந்த முற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்த விரிப்பின்மீது முதன்முறையாக ஹாக்கி ஆடப்பட்டபோது, முந்தைய ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனதை மூத்த தலைமுறை மறந்திருக்காது. மணலில் பந்தாடியே சந்தோஷ் கோப்பை அணிக்கு ஒருவர்பின் ஒருவராக வீரர்களை அனுப்பிய பொழியூர், பாறசாலைக்கு மிக அருகில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தண்ணீரைச் சேமிக்கிறது என்ற வாதமும் இறக்குமதிச் சரக்கே. லாஸ் வேகாஸில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 100 மி.மீ. மழை. நெவாடா மாநிலம் 2021-இல் பயனற்ற புல்தரைகளை அகற்றச் சட்டமே இயற்றியது. பாலைவனத்தில் குழாய்நீர் ஊற்றிப் புல் வளர்ப்பது தவறு. அங்கே அச்சட்டம் நியாயமானது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கில் பெய்வது சுமார் 1,800 மி.மீ.; தென்மேற்கிலும் வடகிழக்கிலுமாக இரண்டு பருவம். இங்கு நீரைச் சேமிப்பது என்பதற்கு ஒரே பொருள், பெய்ததை மண்ணுக்குள் அனுப்புவது.

இங்குதான் விலைச்சீட்டில் எழுதப்படாத பெருந்தொகை இருக்கிறது. 871 சதுர அடி என்பது ஏறத்தாழ 81 சதுர மீட்டர். அதன்மேல் 1,800 மி.மீ. மழை விழுந்தால் ஓராண்டில் சுமார் ஒரு இலட்சத்து நாற்பத்தைந்தாயிரம் லிட்டர். மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர்த் தொட்டி 145 முறை நிரம்பும் அளவு. இதில் அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும் என்று எவரும் சொல்லவில்லை. ஆவியாவதும் வழிந்தோடுவதும் எப்போதும் உண்டு. ஆனால் சரல்மண் முற்றம் தன் பங்கைக் குடித்துவிட்டு மீதியைத்தான் விட்டது. விரிப்பின் அடிப்பாகத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன, நீர் இறங்கிவிடும் என்று விற்பவர் காட்டுவார். துளை உண்டு, அதன்கீழே போட்ட காங்கிரீட் பூச்சில் துளை இல்லை. சேறு வராமலிருக்க, மட்டம் கெடாமலிருக்க, எறும்பு கூடுகட்டாமலிருக்க என்று காரணம் சொல்லிப் பூசப்படும் அந்த மூன்றங்குலம், முற்றத்தை ஒரு கூரையாக்கி விடுகிறது. கூரையில் விழும் நீரைச் சேர்க்க வேண்டும் என்று புதுக் கட்டடங்களுக்குக் கேரளம் 2004-இலேயே விதி செய்தது. அவ்விதிக்குப் பணிந்து ஒரு குழாயும் தொட்டியும் வைத்த அதே வீட்டின் முன்புறத்தில், அதைவிட அகன்ற இன்னொரு கூரை தரையோடு தரையாகக் கிடந்து நீரைச் சாலைக்குத் தள்ளுகிறது.

சாலைக்குத் தள்ளப்பட்ட நீர் யாருடையது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளக் குடும்பங்களில் 62 விழுக்காட்டினரின் முதன்மைக் குடிநீர் ஆதாரம் கிணறு. எல்லையோர ஊர்களில் வீட்டுக்கொரு கிணறு என்பது சொத்துப் பெருமையன்று, அன்றாடத் தேவை. கிணற்றின் உறை மட்டுமே வீட்டுக்காரருடையது. ஊற்று மதிற்சுவரை அறியாது. மேட்டிலிருக்கும் மூன்று வீடுகள் முற்றத்தை மூடினால் பள்ளத்து வீட்டுக் கிணறு கோடையில் முதலில் வற்றும். மழைக்காலத்தில் அதே வீட்டு வாசலில்தான் தண்ணீரும் கட்டி நிற்கும். பணம் செலவிட்டவர் ஒருவர். செலவைச் சுமப்பவர் இன்னொருவர். பிளாஸ்டிக் புல் ஒருவரின் சொந்த விருப்பம், சொந்தப் பணம் என்ற வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

இதே நிலப்பரப்பில் தண்ணீருக்காக நடந்துகொண்டிருக்கும் வழக்கை நினைத்துப் பார்த்தால் இவ்வூதாரித்தனம் இன்னும் உறுத்தும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆறும் அணையும் இப்புறம், இடதுகரைக் கால்வாயின் கடைமடை அப்புறம். 2004-இல் கேரளம் விளவங்கோட்டுக்கு நீர் விடுவதை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆற்று நீரின் ஒவ்வொரு கன அடிக்கும் இரு மாநில அரசுகள் வழக்காடுகின்றன. வானிலிருந்து எந்த அரசின் அனுமதியுமின்றி இறங்கும் நீரை, கோட்டின் இருபுறத்து வீட்டுக்காரர்களும் பணம் கொடுத்து வெளியேற்றுகிறார்கள். வயலை மூடுவதற்கு 2008-இன் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். முற்றத்தை மூடுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. விற்பனையாளர் இலவச அளவெடுப்புக்கே வந்துவிடுவார்.

வெப்பத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை; மேட மாதத்து நண்பகலில் அதன்மேல் வெறுங்காலுடன் நின்றவருக்குத் தெரியும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் ஒரு செயற்கைப் புல் மைதானத்தை அளந்தபோது மேற்பரப்பு வெப்பம் 93 பாகை செல்சியஸ் வரை ஏறியிருந்தது. தண்ணீர் தெளித்ததும் குளிர்ந்தது. சில நிமிடங்களில் மீண்டும் ஏறியது. தண்ணீர் வேண்டாத புல் என்று விற்கப்பட்டது, குழந்தை விளையாட வேண்டுமானால் தண்ணீர் கேட்கிறது. கோடையில் நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடும் காலநிலையில், படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே இப்படியொரு தகட்டை விரித்துவிட்டு உள்ளே குளிர்சாதனத்தின் அளவைக் கூட்டுகிறார்கள். அந்த மின்கட்டணமும் சதுர அடிக் கணக்கில் சேரவில்லை.

எட்டாண்டு முடிகிறது. இழைகள் படுத்துவிட்டன, தையல் பிரிந்தது, ஓரங்களில் பச்சைத் தூள் உதிர்கிறது. அத்தூள் மழையோடு ஓடையில் இறங்கி நெய்யாற்றில் கலந்து பூவாறு பொழியில் கடலைச் சேரும். நெகிழி நுண்துகள்களைக் கருதி விளையாட்டு மைதானங்களில் இழைகளுக்கிடையே தூவப்படும் துகள்களின் விற்பனையை 2031 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியா, உள்ளூர் ஆட்சிகள் விரும்பினால் செயற்கைப் புல்லைத் தடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. இலண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் அரச தோட்டக்கலைக் கழகம் 2022-இலேயே தன் கண்காட்சிகளில் அதற்கு இடமில்லை என்றது. புல்தரை என்ற மோகத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் நகலை ஒதுக்கத் தொடங்கிய வேளையில் அது நெய்யாற்றின்கரையில் அந்தஸ்தாகியிருக்கிறது.

உதிராமல் எஞ்சிய விரிப்பு எங்கே போகும்? சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ என்றால், இரண்டு சென்ட் முற்றத்திலிருந்து மணல் நீங்கலாகவே 160 கிலோ கழிவு. இழை பாலிஎதிலீன்; அதைத் தாங்கும் துணி பாலிபுரோப்பிலீன்; அடியில் பூசியது லேட்டக்ஸ். மூன்றையும் பிரிக்க முடியாதபடி ஒட்டித்தான் விற்கிறார்கள். ஆக்கர்க் கடைக்காரரும் தொடமாட்டார். ஊராட்சியில் மாதம் 50 ரூபாய்க் கட்டணத்தில் வீடுதோறும் நெகிழி சேகரிக்க வருபவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். கழுவி உலர்த்திய பால் உறையையும் மசாலாப் பையையும் வாங்குவதற்காக அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. எட்டாண்டில் ஒரு வீடு அவர்களுக்குக் கொடுத்திருப்பது 4,800 ரூபாய். சேறும் மணலும் நாயின் மூத்திரமும் ஏறிய 160 கிலோ சுருளை அந்தப் பெண்கள் தோளில் தூக்கிப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அவர்கள் மறுத்தால் இருப்பது இரண்டு வழி: விளையின் மூலையில் புதைப்பது, அல்லது இரவில் எரிப்பது. 2023 மார்ச் 2-ஆம் நாள் கொச்சி பிரம்மபுரத்தில் பற்றிய குப்பைத் தீ பத்து நாளுக்கும் மேலாகப் புகைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறியவர்களே தம் வீட்டுப் பின்புறத்தில் சிறு பிரம்மபுரங்களை மூட்டுவார்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2020 சனவரி 1 முதல் தடை விதித்த மாநிலம் இது. மீன் வாங்கத் துணிப்பை கொண்டுபோகச் சொல்கிறார்கள், சரியே. அந்தப் பை சில கிராம். முற்றத்தில் கிடப்பது 160 கிலோ, அதற்குப் பெயர் அழகு. உற்பத்தியாளரே கழிவைப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நடுவணரசின் 2022 வழிகாட்டுதலும் பொதியுறைகளோடு நின்றுவிட்டது. விற்பவரே பழைய விரிப்பைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை வணிக உரிமத்தில் ஊராட்சி சேர்த்தாலே போதும்; சதுர அடியின் உண்மை விலை மறுநாள் விலைச்சீட்டில் ஏறிவிடும். அப்போது எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதைப் பார்க்கலாம்.

முற்றம் புல்தரையாக இருந்ததில்லை என்பது உண்மை. ஆனால் அதன் ஓரங்கள் உயிரோடு இருந்தன. செதுக்கும் மண்வெட்டிக்குத் தப்பி வேலியோரத்தில் தும்பையும் முக்குற்றியும் நின்றன. திருவாதிரைக்குப் பெண்கள் தலையில் சூடும் பத்துப் பூக்களில் கறுகையும் ஒன்று. வடமொழிப் பெயரிட்டுத் தசபுஷ்பம் என்பார்கள். கறுகை என்று மலையாளம் சொல்வதையே அறுகு என்று தமிழ் சொல்கிறது. பிள்ளையாருக்கு மாலையாவதும் அதுவே. அத்தம் நாளில் கோலத்துக்குத் தும்பை பறிக்கக் குழந்தைகள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. இன்று ஓணத்துக்கான பூ தோவாளைச் சந்தையிலிருந்து மூட்டையில் களியக்காவிளை தாண்டி வருகிறது. பசுவுக்கான வைக்கோலும் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் எல்லை தாண்டி வருகிறது. தின்னும் புல்லுக்கும் சூடும் பூவுக்கும் வெளியூரை நம்பிவிட்டு, எதற்கும் உதவாத புல்லை இலட்ச ரூபாய்க்கு வீட்டில் வைத்திருப்பது எந்தச் சிக்கனக் கணக்கில் சேரும் என்பதை ஆதரவாளர்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே விரித்துவிட்டவர்கள் உடனே கிழித்தெறிய வேண்டும் என்பதன்று வாதம். கிழித்தால் போட இடமில்லை என்பதே சிக்கல். இனி விரிக்க எண்ணுபவர் காங்கிரீட் பூச்சையாவது விலக்கலாம். தந்தூர் கல் வேண்டுமானால் மணற்படுகையில் பதித்து இடைவெளியை மண்ணுக்கே விடலாம். அந்த நான்கு விரற்கடையில் இயல்பாகவே பச்சை வரும், செலவின்றி. நடக்கும் வழிக்கு மட்டும் கல்லிட்டு மிச்சத்தைச் சரல் தரையாக வைத்திருந்த வீடுகள் கொல்லயிலிலும் செங்கலிலும் இன்னும் உண்டு. அவ்வீட்டு முதியவர்கள் எவரும் முதுகொடிந்து போய்விடவில்லை.

காங்கிரீட் இல்லாமல் விரித்த வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு மழைக்காலம் போதும். சுருளும் சுருளும் சேரும் தையலின் வழியே கறுகை தலைகாட்டும். ஓரத்தில் முத்தங்காய்ப் புல் விரிப்பைக் குத்திக்கொண்டு எழும். பிளாஸ்டிக்கின் பச்சைக்கும் அதன் பச்சைக்கும் நிறம் ஒத்துவராததால் அசிங்கமாகத் தெரியும். அப்போது வீட்டுக்காரர் தொலைபேசியில் ஆளைக் கூப்பிடுவார், புல் பிடுங்க. நாட்கூலி ஆயிரம் ரூபாய்.